மாத்தாள் விட்டு வந்த மத்தியானம்

எங்கள் கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடிய பெண்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஆட்டத்தின் நடுவில் தூரத்தில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் அப்படியே நின்றுவிடுவோம். கையில் பந்து இருந்தாலும் சரி, எதிரணிக்காரி தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றாலும் சரி, தலை தானாகத் தெற்கே திரும்பிவிடும். புகை எழும்புகிறதா, எழும்பினால் என்ன நிறம் என்று பார்ப்போம். வெள்ளையாக எழும்பிக் கலைந்துவிட்டால் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் புது ரகத்தைச் சாம்பிள் வெடித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கறுப்பாக எழும்பி அங்கேயே நின்றால் அதற்கப்புறம் ஆட்டமாவது மண்ணாவது.

வெளியூர் அணிகள் இதை முதல் நாளே மோப்பம் பிடித்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கேப்டன், நாங்கள் ஐந்து பேரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நேரத்தில், கடைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்துபோய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டாள். திரும்பி வரும்போது என்னிடம், “ஏன் நின்னுட்டீங்க?” என்று வேறு கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் சடையைப் பிடித்து இழுத்திருப்பேன். உன் அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எங்கள் அணியில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசுக் கம்பெனியில் இருந்தார்கள். மற்றவர்களில் ஒருத்தி ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பெண், இன்னொருத்தி நர்ஸம்மா மகள். அவர்களுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனாலும் எங்களோடு ஆடி ஆடி அவர்களும் நிற்கப் பழகிவிட்டார்கள். பயம் கண்வலி மாதிரி, பக்கத்தில் இருக்கிறவருக்கும் வந்துவிடும்.

என் அம்மா மருந்து ரூமில் இருந்தாள். மருந்து என்றால் வெடிமருந்து. எங்கள் பக்கத்தில் அந்த முதல் பாதியை யாரும் சொல்வதில்லை. நாரணாபுரத்துக்கு அப்பால் காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளில் ஒன்று அவளுடையது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அது என்ன நாலு கணக்கு என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். “போனா நாலோட போகட்டும்னுதான்” என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் விஸ்வநத்தம் முக்கில் அவள் கம்பெனி வண்டியில் ஏறும்போது என் வயிற்றில் ஒரு கல் விழும். சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் தெருவில் கேட்கிறவரை அது அங்கேயே கிடக்கும். எங்கள் ஊரில் இதெல்லாம் பழகிப்போச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சுத்தப் பொய். வண்டி கொஞ்சம் பிந்தினால் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை தெரியும். சும்மா காற்று வாங்குகிற மாதிரி நிற்பார்கள். அப்பா லாரி டிரைவர், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் எங்கள் வாசலில் என் தலை மட்டும் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவுக்குப் பயம் பந்தின் மேல்.

“அம்புட்டு ஒசரத்துக்குக் குதிக்கியே, காலு கீலு முறிஞ்சா ஒன்னய யாரு கட்டுவா?” என்பாள்.

“நீ மட்டும் மருந்துக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கலாமாக்கும்?”

“மருந்துகிட்ட நாம மரியாதயா இருந்தா அதுவும் மரியாதயா இருக்கும். பந்துக்கு என்ன மரியாத தெரியும்?”

அவளோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. இரவு அவள் கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவேன். அலுமினியத் தூள் ஏறிய விரல்கள் என்ன தேய்த்தாலும் வெள்ளி பூசினது போலவே மினுங்கும். என் உள்ளங்கையில் பந்தின் செங்கல் நிறம் ஏறியிருக்கும். அவள் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதாவது முணுமுணுப்பாள்.

எங்கள் கல்லூரி நடத்துகிற டோர்னமென்ட் தொடங்கியது ரெண்டாயிரத்தை ஒட்டிய வருஷம். எங்களுடையது நாலு வருஷ இன்ஜினியரிங் கல்லூரி, சிவகாசியைத் தாண்டி விருதுநகர் ரோட்டில் இருந்தது. முதல் தடவை வந்தவை அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் மட்டும்தான், மடக்கி எண்ணினால் விரல் மிச்சமிருக்கும். மண் தரை. சுண்ணாம்பில் கோடு போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, நேரம் முடிந்தால் அடிப்பதற்கு ஆபீசிலிருந்து மணியைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்கள். நாங்கள் சுடிதாரில் ஆடினோம். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருப்போம். அது அவிழ்ந்துவிட்டால் ரெஃப்ரியே விசிலடித்து, “கட்டிக்கோம்மா” என்று ஆட்டத்தை நிறுத்துவார். பார்க்க வந்தவர்கள் எங்கள் தோழிகள், ரெண்டு வாட்ச்மேன்கள், கயிற்றைத் தாண்டிக் குறுக்கே போன ஒரு ஆடு.

அடுத்த வருஷம் சிமெண்ட் தரை வந்தது. அதற்கடுத்து மதுரை, திருச்சி, கோட்டயம் என்று அணிகள் வரத் தொடங்கின. வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஒதுக்கி, பாய் விரித்து அவர்களைத் தங்கவைத்தோம். எங்கள் ஊரில் பிரஸ்ஸுக்குப் பஞ்சமா? ஆளுயரத்தில் பலவர்ணப் போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாண்டெல்லாம் ஒட்டினார்கள். போஸ்டரில் பந்தோடு பறந்துகொண்டிருந்தவள் யாரோ ஒரு வெள்ளைக்காரி. எங்கள் படத்தைப் போட்டால் வீட்டில் சண்டை வரும் என்று நினைத்தார்களோ என்னவோ. பிறகு சவுக்குக் கட்டையில் கேலரி கட்டினார்கள், உள்ளூர் கேபிள் டி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள், கம்பெனி முதலாளிகள் கோப்பை கொடுத்தார்கள். நாங்கள் அரைக்கால் சட்டைக்கு மாறினோம். அது ஊரில் பெரிய பேச்சாகி, அப்புறம் ஊரே மறந்தும் போனது. ஆனால் நாங்கள் நிற்பது மட்டும் மாறவில்லை.

எங்கள் பி.டி. மேடம் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், குரல் அப்படிக் கணீரென்று இருக்கும். பயிற்சி நேரத்தில் வேலிக்குப் பின்னால் வாட்ச்மேனை நிறுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் அணுகுண்டு வெடியைக் கொளுத்தச் சொன்னார். “சத்தம் கேட்டா நிக்கக் கூடாது, ஓடணும். பழகிக்கோங்கம்மா.” டமார் டமாரென்று வெடித்தது. எங்களில் ஒருத்தியும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே ஆடினோம். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். மறுவாரம் ஆட்டத்தில் தெற்கே எங்கோ ஒரு முனகல் மாதிரி கேட்டது, ஐந்து பேரும் நின்றுவிட்டோம். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பட்டாசு வெடிப்பது காதில் கேட்கும். அந்தச் சத்தம் உள்ளங்காலில் கேட்கும்.

மூன்றாம் வருஷம் நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். எதிரணி கோட்டயம். ஃபைனல் சனிக்கிழமை மத்தியானம், தீபாவளிக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அம்மா வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் ஒருமுறைகூட நான் ஆடிப் பார்த்ததில்லை. கேட்டால் முடியாது என்பாள் என்று தெரியும், ஏனென்றால் அது சீசன்.

சீசனில் மருந்து ரூமில் இருக்கிறவள் நினைத்தபடி லீவு போட முடியாது. போட்டே ஆக வேண்டுமென்றால் தன் இடத்தில் உட்கார இன்னொருத்தியை அவளே பிடித்துத் தர வேண்டும். மாத்தாள் விடுவது என்று சொல்வோம். மாத்தாள் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பாஸ்கெட்பால் பார்க்கப் போனவள் அந்தக் கம்பெனிச் சரித்திரத்திலேயே என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மாத்தாளாக வந்தது எதிர்வீட்டு அத்தை. உறவில்லை, வாய்ப் பழக்கத்தில் எனக்கு அத்தை, அம்மாவுக்கு மதினி. அவளும் அதே கம்பெனிதான், ஆனால் பேக்கிங்கில் இருந்தாள், பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுகிற வேலை. ஒரு காலத்தில் அம்மாவோடு மருந்து ரூமில் இருந்தவள்தான். ஏதோ ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்தபின், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேக்கிங்குக்கு மாறிக்கொண்டாள். கம்பெனியில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். அவளும் அதற்குக் கோபப்பட மாட்டாள். “ஆமா, பயந்தாங்கொள்ளிதான். தைரியசாலி எல்லாம் எங்கன இருக்காக, காட்டுங்க பாப்போம்” என்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே எங்கள் வீட்டுக்கு வந்து, “மதினி, நாளைக்கு நீங்க போயி புள்ள ஆடுறதப் பாத்துட்டு வாங்க. ஒங்க எடத்துல நா உக்காருதேன். போர்மேன்ட்ட பேசிட்டேன்” என்றாள்.

“ஒங்களுக்குத்தான் பயமாச்சே?”

“பயந்தான். அதுக்கென்ன, ஒரு நாளுதான? கேபிள்ல ஊரே ஒங்க மகளப் பாத்துருச்சு. பெத்தவுக நீங்க பாக்காம இருக்கீகளே, அது எனக்கு அதவிடப் பொறுக்கல.”

அம்மா தலையாட்டினாள். நான் அத்தையைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அன்றைக்கு இரவு சாப்பிடும்போது ஆட்டத்தின் விதிகளை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து பேர் ஆடுவோம் என்றேன். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்றேன்.

“அவுக எதுக்கு?”

“மாத்தாளும்மா.”

“அப்பிடியா” என்றாள். மற்ற விதிகளெல்லாம் அவள் மண்டையில் ஏறவில்லை, இது மட்டும் சட்டென்று ஏறிக்கொண்டது.

மறுநாள் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு கேலரியில் அவளைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நைலெக்ஸ் சேலை கட்டி, தலை நிறையக் கொண்டை ஊசி குத்தி, கை நிறைய வளையல் போட்டு வந்திருந்தாள். கம்பெனிக்கு இதெதுவும் ஆகாது. உரசிப் பொறி பறந்துவிடும் என்று மருந்து ரூமுக்குப் பருத்திச் சேலைதான், ஊசி வளையல் எதுவும் உள்ளே போகக் கூடாது, செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். அங்கே ஆகாததையெல்லாம் ஒரே நாளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. நான் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகப் பயமில்லாமல் ஆடினேன். அது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உடம்பே வேறு ஆளுடையது போல லேசாக இருந்தது. பாஸ் கொடுக்கும்போது பாஸை மட்டும் நினைத்தேன், ஓடும்போது ஓட்டத்தை மட்டும் நினைத்தேன். முதல் பாதியில் தெற்கே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எங்கள் பிள்ளைகள் நால்வரும் நின்றார்கள். நான் தெற்கே திரும்பாமல் கேலரியைத்தான் பார்த்தேன். அம்மா அங்கேயே இருந்தாள். அவள் முகம் மட்டும் தெற்கே திரும்பியிருந்தது. வெள்ளைப் புகைதான், கலைந்துவிட்டது. அதற்கப்புறமும் அவள் வெகுநேரம் முகத்தைத் திருப்பவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து கோட்டயத்திடம். அவர்கள் அவசரப்படாமல் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். கேலரி முழுக்க எழுந்து நின்று கத்தியது. அப்போது தரை அதிர்ந்தது.

முதலில் காலில்தான் வந்தது. பிறகுதான் சத்தம். அதற்கு முன் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. வெளியூர்க்காரிகளே அன்றைக்கு ஆடிப்போனார்கள். பந்தை வைத்திருந்தவள் கை நழுவ, பந்து தரையில் ரெண்டு குதி குதித்துத் தானாக உருண்டது. எங்கள் பிள்ளைகள் தெற்கே பார்த்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். களத்தில் ஒன்பது பேர் நின்றார்கள், நான் ஒருத்திதான் ஓடினேன். பந்தை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக அந்தக் கோடிவரை ஓடினேன். என்னை மறிக்க ஆளில்லை. எனக்கு அங்கே, தெற்கே, யாரும் இல்லை. என் அம்மா கேலரியில் இருக்கிறாள். லே-அப் போட்டேன், பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது.

கேலரியில் வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். முதலாளிமார் ஏதோ பெரிய வாணம் விட்டு எங்கள் ஃபைனலைக் கொண்டாடுவதாக நினைத்துவிட்டார்கள். பட்டாசு ஊர் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் விசிலடித்தார். உள்ளூர்க்காரர்கள் மட்டும் சத்தமில்லாமல் கேலரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று திரும்பினேன். அவள் இருந்த இடத்தில் மஞ்சள் பை மட்டும் கிடந்தது. அத்தையின் முகம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

ரெஃப்ரி இறுதி விசில் ஊதியதும் ஓடினேன். பி.டி. மேடம் தடுக்கவில்லை. “போம்மா, ஓடு” என்று மட்டும் சொன்னார், அந்தக் கணீர்க் குரல் அன்றைக்கு எழும்பவே இல்லை. ரோட்டில் அம்மா வெறுங்காலோடு நின்று, போகிற வண்டிகளையெல்லாம் கையைக் காட்டி மறித்துக்கொண்டிருந்தாள். செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியவில்லை. பிரஸ்ஸுக்குப் பேப்பர் ஏற்றிப் போன ஒரு மினி லாரி நின்றது.

“எங்கனம்மா?” என்றார் டிரைவர்.

“நாரணாபுரம்.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். தெற்கே கறுப்பாக ஒரு புகை அப்படியே நின்றுகொண்டிருந்தது. எங்கள் கம்பெனிப் பக்கம்தான். அந்தப் பக்கம் வேறு கம்பெனிகளும் உண்டு என்று நான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு கம்பெனியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதை வேண்டிக்கொள்வதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் அதைத்தான் வேண்டிக்கொள்வார்கள்.

“நா அவள ஏத்திவிட்டுட்டு வந்துட்டேனே” என்றாள் அம்மா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “எங்கிட்டாவது இருந்திருப்பா. பேக்கிங்ல இருந்திருப்பா. பயந்துக்கிட்டு இருந்தவள ஏத்திவிட்டுட்டு வந்துட்டேனே.”

சொல்லிக்கொண்டே அவள் கை, என் அரைக்கால் சட்டைக்குக் கீழே தெரிந்த முழங்காலை முந்தானையால் மூடியது. டிரைவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று. அந்த நிலைமையிலும் அவளுக்கு அது தோன்றியது. எனக்கு அழுகை அங்கேதான் வந்தது.

கம்பெனி வாசலில் போலீஸ், ஃபயர் சர்வீஸ், நாலாபக்கத்து ஊர்களிலிருந்தும் ஓடிவந்த ஜனம். உள்ளே யாரையும் விடவில்லை. ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா, “மதினீ, மதினீ” என்று கத்தினாள். அந்த இடத்தில் எத்தனையோ பெண்கள் எத்தனையோ பேருக்கு மதினி. பலபேர் திரும்பினார்கள், அவர்களில் அத்தை இல்லை. அம்மா வேலியோரமாக ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். முள் குத்தியது, எங்கே குத்தியது என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் என் மனசுக்குள் ஒரு பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த முடியவில்லை.

வேலி திரும்புகிற இடத்தில் ஒரு வேலிக்கருவை மரம். அதன் அடியில் கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்களில் ஒருத்தி. தலை அவிழ்ந்து, மேலெல்லாம் புழுதி. ஒரு கையால் இடது காதைப் பொத்தியிருந்தாள். எங்களைப் பார்த்ததும், ஊருக்கே கேட்கிற குரலில், “செயிச்சாச்சா?” என்று கேட்டாள். வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தான் அவ்வளவு சத்தமாகப் பேசுவது அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா அவள் முன்னால் உட்கார்ந்து, கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள். முழங்கை, தோள், கழுத்து, முகம் எல்லாம் தடவினாள். எல்லாம் இருக்கிறது என்று உறுதியானதும் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

வெடித்தது அம்மாவின் ரூம் இல்லை, பக்கத்து ரூம். அங்கே இருந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அந்தப் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும்.

அத்தையின் இடது காது அன்றோடு போயிற்று. என் மெடலைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அதைத் தன் வீட்டு டி.வி. மேல் மாட்டிவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “இந்தச் செயிப்புல எனக்கு ஒரு காது பங்கு இருக்கு” என்று சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள், எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்றைக்குப் பிறகு அவள் அத்தையோடு எங்கே போனாலும் வலது பக்கமாகவே நடந்தாள்.

கம்பெனியைச் சில மாதம் மூடினார்கள், திறந்தார்கள். அம்மா மறுபடியும் மருந்து ரூமுக்கே போனாள். நான் சண்டை போட்டேன். சாப்பிடாமல் கிடந்தேன். வேலையை விட்டுவிடு, நான் ட்யூஷன் எடுக்கிறேன், எப்படியாவது ஓட்டிக்கொள்ளலாம் என்றேன்.

“நா விட்டா அந்த எடம் சும்மாவா கெடக்கும்?” என்றாள். “எவளாச்சும் ஒருத்தி வந்து உக்காருவா. கை பழகாதவளா வந்து உக்காருவா.”

“அப்ப அடுத்த வருசமாவது வா. ஒரே ஒரு ஆட்டத்துக்கு.”

“நா வந்தா இன்னொருத்தி அங்கன உக்காரணும்ல. நீ ஆடு தாயி. நா வரல.”

அவள் வரவில்லை. அடுத்த வருஷம் டோர்னமென்ட் இன்னும் பெரிதானது. கேலரி இரும்பில் வந்தது, ஸ்கோருக்கு மின்சாரப் பலகை வந்தது, பெங்களூரிலிருந்து ஒரு அணி வந்தது. நான் கேப்டன். பழைய கல் மறுபடியும் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது, முன்பைவிடக் கனமாக. ஒரு தடவை பயமில்லாமல் ஆடிப் பார்த்துவிட்டேன் அல்லவா, அதனால் அதன் எடை இப்போது சரியாகத் தெரிந்தது. செமிஃபைனலில் தெற்கே ஒரு சத்தம். நான்தான் முதலில் நின்றேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு புகை கலைகிறவரை நின்றேன், ரெஃப்ரி விசிலடித்துப் பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். தோற்றோம். பி.டி. மேடம் திட்டவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான் படிப்பை முடித்த மறுவருஷம் மைதானத்தில் விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். ஆட்டங்கள் சாயங்காலத்துக்கு மாறின. வெயிலுக்குப் பயந்து வராத கூட்டமும் வரட்டும் என்றுதான் விளக்குப் போட்டதாகக் கேபிளில் சொன்னார்கள். எங்களுக்கு அதன் அர்த்தம் வேறு. சாயங்காலம் கம்பெனிகள் மூடியிருக்கும். ஆடுகிற பிள்ளைகளின் அம்மாக்களெல்லாம் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். தெற்கே எதுவும் கேட்காது. எனக்குப் பொறாமையில் நெஞ்சு எரிந்தது. ஒரே ஒரு வருஷம் முன்னால் அந்தக் கம்பங்களை நட்டிருக்கக் கூடாதா?

அம்மாவிடம் போய், “இப்ப நீ யாரையும் மாத்தாள் விட வேண்டாம்மா” என்றேன். அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை ஏற்கெனவே பூ வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள்.

மூவரும் கேலரியில் உட்கார்ந்தோம். அத்தைக்கு வலது பக்கம் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் நான். பகல் மாதிரி வெளிச்சம். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் நிற்காமல் ஓடினார்கள். ஒருத்திகூடத் தெற்கே திரும்பவில்லை. அத்தை, விஷயம் புரிகிறதோ இல்லையோ, கூடையில் பந்து விழும்போதெல்லாம் எந்த அணி என்று பார்க்காமல் கைதட்டினாள்.

அம்மா பந்தைப் பார்க்கவே இல்லை என்பதைக் கொஞ்சநேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவள் எதிரே இருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதல் வருஷத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், ரொம்பச் சின்ன முகம். உள்ளே இறங்க வேண்டும் என்ற துடிப்பில் முழங்கால் ரெண்டும் ஆடிக்கொண்டே இருந்தன. எனக்கு அந்தத் துடிப்பு தெரியும். முதல் வருஷம் நானும் அந்தப் பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

“அந்தப் புள்ள எப்ப உள்ள போகும்?” என்று அம்மா கேட்டாள்.

“ஆடுறவுகள்ல யாருக்காவது அடிபட்டா, இல்ல முடியாமப் போனா.”

“அவுக எடத்துலயா?”

“ஆமா.”

அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காக அத்தை நல்ல காதை எங்கள் பக்கம் சாய்த்தாள்.

“அப்ப போக வேணாம்” என்றாள் அம்மா. “அது பாட்டுக்கு அங்கனயே உக்காந்திருக்கட்டும்.”

அந்த நேரம் களத்தில் ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேடம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். அந்தச் சின்னப் பெண் துள்ளி எழுந்து ஜெர்சிக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

அம்மா என் கையைப் பிடித்தாள். ஆட்டம் முடிகிறவரை விடவில்லை.